சித்திரத்தில் நிற்கும் இரு சிறுவர்கள்

“சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்” என்பது பழமொழி. அந்தச் சித்திரம் யாருடைய சுவரை அலங்கரிக்க எழுதப்பட்டது என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

வரலாற்று வகுப்பில் மூன்றாம் மைசூர்ப் போரைப் படித்தோம். 1792-ல் தோல்வியுற்ற திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர இசைந்தார். அதற்குப் பிணையாகத் தம் புதல்வர் இருவரை அனுப்பினார். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் நூலகப் புத்தகம் ஒன்றில் அக்காட்சியின் ஓவியத்தைக் கண்டதும் நாங்கள் தேர்வை மறந்தோம்.

அதைத் தீட்டியவர் இராபர்ட் ஹோம். 1791-ல் சென்னைக்கு வந்து, கம்பெனிப் படையுடன் சென்ற ஆங்கில ஓவியர். நடுவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு. அவர் முன் வெண்ணிற அங்கியும் சிவப்புத் தலைப்பாகையும் அணிந்த சிறுவர்கள் அப்துல் காலிக், முயிசுதீன். தந்தை ஒருவர் தம் மக்களை வரவேற்பது போலவே தோன்றுகிறது!

“அன்பாகத்தானே நடத்தினார்கள்? தங்கக் கடிகாரம் பரிசளித்தார்கள். 1794-ல் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்களே!” என்றனர் எங்களுள் சிலர். உண்மைதான். ஆனால் நகையை அடகு பிடிப்பவரும் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருப்பார். அதனால் அது அடகு இல்லை என்று ஆகிவிடுமா?

மைசூர்ச் சிறையில் ஆங்கிலேயக் கைதிகள் பட்ட துன்பங்களைக் கேட்டு இலண்டன் மக்கள் கொதித்திருந்த காலம் அது. “நாங்களோ கருணை உள்ளவர்கள்” என்று காட்ட இக்காட்சி அவர்களுக்குப் பயன்பட்டது. இந்தியாவையே பாராத மாதர் பிரவுன் என்ற ஓவியரும் இலண்டனில் இருந்தபடியே இதைத் தீட்டினார். வென்றவரின் கருணை வண்ணம் பெற்றது. பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கலங்கியிருக்கும் தாயாருக்கு அச்சித்திரத்தில் இடமில்லை.

இப்படிப்பட்ட ஓவியங்களை வெறுத்து ஒதுக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. ஹோமின் ஓவியம் இலண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது. அது இருப்பதால்தான் அச்சிறுவர்களின் முகங்களை இன்று நாம் நினைக்கிறோம்.

ஆகவே தோழியரே, எந்தச் சித்திரத்தையும் இருமுறை பார்ப்போம். முதலில் அதன் அழகுக்காக. பிறகு, தீட்டியவர் யார், யாருக்காகத் தீட்டினார், அதில் இல்லாதவர் யார் என்று கேட்பதற்காக. அந்த இரண்டாவது பார்வையே கல்வி நமக்குத் தரும் கண்.