ஏஐ தப்பு செய்தால் கோர்ட்டுக்குப் போவது யார்?



"ரயில்வே கேட்டுல ஏஐ கேமரா வைச்சிட்டா விபத்தே நடக்காது" என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் செம்மங்குப்பத்தில் என்ன இல்லாமல் போனது என்று தெரிந்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

2025 ஜூலை 8, காலை நேரம். கடலூர் பக்கத்தில் செம்மங்குப்பம் கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அதாவது கேட் மூடியிருக்கா, திறந்திருக்கா என்பதற்கும் சிக்னலுக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார். கேட் கீப்பர் மூடுவார், மூடியதற்கு அடையாளமாக ஒரு நம்பர் சொல்வார். அவ்வளவுதான் பாதுகாப்பு! இன்டர்லாக்கிங் இருந்திருந்தால் கேட் மூடிப் பூட்டுகிற வரைக்கும் சிக்னல் பச்சைக்கு மாறாது. கேட் கீப்பர் தூங்கினாலும் ரயிலுக்குச் சிவப்புதான். இது நேற்று வந்த தொழில்நுட்பமா? நூறு வருஷத்துக்கும் பழசு.

இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். இன்டர்லாக்கிங் எதையும் ஊகிப்பதில்லை. பூட்டு விழுந்ததா, இல்லையா, இரண்டில் ஒன்று. ஏஐ கேமராவோ பழைய படங்களைப் பார்த்துப் பழகி, "இது அநேகமாக வேன்" என்று கணக்குப் போடுகிறது. மழையிலும், பனியிலும், அது பார்த்தே இராத ஒரு மாட்டு வண்டியிலும் அந்த 'அநேகமாக' எப்படி மாறும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன்டர்லாக்கிங் மட்டும் தவறாதா என்று கேட்பீர்கள். தவறும். 2023 ஜூன் 2, ஒடிசாவின் பாலசோரில் 290 பேருக்கு மேல் பலியானது சிக்னல் சர்க்யூட்டில் நடந்த தப்பான வேலையால்தான். ஆனால் எந்தப் பெட்டியில் வயரைத் தப்பாக இணைத்தார்கள் என்று விசாரணையில் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. காட்ட முடிந்தால்தான் திருத்த முடியும், தண்டிக்கவும் முடியும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணியை ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் அடித்துக் கொன்றது. மோதுவதற்கு ஐந்து விநாடிக்கு முன்பே அது அவரைக் கண்டுவிட்டது. வண்டி என்றது, வேறு ஏதோ பொருள் என்றது, சைக்கிள் என்றது. நடைபாதைக் கோடு இல்லாத இடத்திலும் மனுஷன் ரோட்டைக் கடப்பான் என்பதே அதற்குச் சொல்லித்தரப்படவில்லை. (நம்ம ஊர் ரோட்டில் அந்தக் காரை விட்டால் என்ன ஆகும், நினைச்சுப் பாருங்க.) கடைசியில் கம்பெனி மீது கிரிமினல் வழக்கு இல்லை. சீட்டில் உட்கார்ந்திருந்த ஊழியர்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினார். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது தப்புதான். ஆனால் அந்த மென்பொருளை ரோட்டுக்கு அனுப்பியவர்கள்?

நாளைக்கு நம்ம கேட்டிலும் இதுதான் நடக்கும். கேமரா தப்பு செய்யும், கேட் கீப்பர் சஸ்பெண்ட் ஆவார்.

அதற்காக ஏஐயே வேண்டாம் என்கிறோமா? இல்லை. கோவை மதுக்கரையைப் பாருங்கள். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே 12 டவர்களில் வெப்பக் கேமராக்களோடு ஏஐ எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும், லோகோ பைலட் வேகத்தைக் குறைப்பார். முதல் ஓராண்டில் ஒரு யானைகூட அங்கே அடிபடவில்லை. ஏன் பலித்தது? ஏஐ அங்கே கூடுதல் கண். முடிவெடுப்பது மனிதர். கேமரா தவறாகக் கூவினால் ரயில் கொஞ்சம் லேட், அவ்வளவுதான்.

எனவே நாம் கேட்பது இது. எல்லா கேட்டுக்கும் முதலில் இன்டர்லாக்கிங், அதற்கு மேலே கேமரா. 'ரயில் போகலாம்' என்று சொல்லும் அதிகாரம் ஏஐக்கு ஒருபோதும் கூடாது, 'நிறுத்து' என்று மட்டும் அது சொல்லட்டும். விபத்து நடந்தால் விற்ற கம்பெனியும் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் பொறுப்பு என்று டெண்டரிலேயே எழுதணும்.

உங்க ஊர் கேட்டில் இன்டர்லாக்கிங் இருக்கா? கேட் நம்பரையும் ஊர் பெயரையும் கீழே பதிவிடுங்க. தொகுத்து ரயில்வே கோட்ட மேலாளரிடம் நேரில் கொடுக்கிறோம்.