டோரண்ட் என்றாலே திருட்டா?



'டோரண்ட்' என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே மிகுதி. புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக இறக்குவதற்கான வழி என்பதே அவர்கள் அறிந்த பொருள். அண்மையில் ஒரு கூட்டத்தில், பள்ளிக் கணினிகளில் அதனை அறவே தடை செய்ய வேண்டும் என்று பெற்றோர் ஒருவர் முழங்கினார், கைத்தட்டலும் பெற்றார். அந்தக் கைத்தட்டலில் என்னால் கலந்துகொள்ள இயலவில்லை.

திருட்டுப் படத்திற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஓர் ஆசிரியர் உழைத்து எழுதிய பயிற்சி நூலை வருடி எடுத்துப் பரப்புவதும் திருட்டுத்தான், அதைச் செய்கிறவர்கள் நம்மிலும் உண்டு (அதற்கு டோரண்ட் தேவைப்படவில்லை, வாட்ஸ்அப் போதுமானதாக இருக்கிறது!). 2011-இல் மலேசிய அரசு பத்து இணையத் தளங்களை முடக்க ஆணையிட்டபோதும் முடக்கப்பட்டவை தளங்களே. கோப்பைத் துண்டு துண்டாகப் பகிரும் முறையன்று. 2001-இல் பிராம் கோகன் உருவாக்கிய அந்த முறையில்தான் டெபியன், உபுண்டு முதலிய கட்டற்ற இயங்குதளங்களும் லிப்ரே ஆபிஸ் மென்பொருளும் இன்றும் முறைப்படி வழங்கப்படுகின்றன. தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் கோப்பும் அவ்வாறே கிடைக்கிறது. இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் தோட்டப்புறப் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறென்ன? அறுந்த இடத்திலிருந்தே பணி தொடரும். ஒவ்வொரு துண்டும் சரிபார்க்கப்பட்ட பின்னரே ஏற்கப்படும். பழுதான துண்டு மட்டும் மீண்டும் இறக்கப்படும்.

"அப்படியானால் அந்த மென்பொருளோடு வரும் விளம்பரங்களும் வேண்டாத பொருள்களும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2015-இல் மியூடோரண்ட் மென்பொருளோடு எபிக் ஸ்கேல் என்ற நாணயம் தோண்டும் செயலி தங்கள் அனுமதியின்றிப் புகுந்ததாகப் பயனர்கள் பலர் புகார் கூறினர். ஆகவேதான் கட்டளைவரியைப் பரிந்துரைக்கிறேன். கருந்திரையில் விளம்பரம் ஏது? பழைய கணினி போதும். திரையே இல்லாத கணினியையும் வேறோர் அறையிலிருந்து இயக்கலாம்.

அஞ்சத்தக்கது அதில் எதுவுமில்லை. டிரான்ஸ்மிஷன் என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் சேவை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். 'டிரான்ஸ்மிஷன்-ரிமோட்' என்று ஆங்கில எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோட்டுடன் சிறிய 'எல்' இட்டால் பட்டியல் வரும்: ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண், எத்தனை விழுக்காடு முடிந்தது, எவ்வளவு நேரம் மீதம், பெற்றதற்கு ஈடாக எவ்வளவு கொடுத்தோம். சிறுகோட்டுடன் 'டி', அடுத்துக் கோப்பின் எண், அதன்பின் பெரிய 'எஸ்' என்றால் அக்கோப்பு நிற்கும்; சிறிய 'எஸ்' என்றால் மீண்டும் ஓடும். சிறிய 'ஆர்' இட்டால் பட்டியலிலிருந்து மட்டும் நீங்கும், கோப்பு வட்டில் இருக்கும். கோப்பையும் சேர்த்து அழிப்பதற்குத் தனிக்கட்டளை உண்டு. ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதை ல, ள, ழ கற்பிக்கும் நாமா மாணவர்க்கு விளக்க முடியாது? பளபளக்கும் பொத்தானை அழுத்தும் பிள்ளை அழுத்துவதை மட்டுமே கற்கிறது. கட்டளை எழுதும் பிள்ளையோ தான் என்ன கேட்கிறோம் என்பதை அறிந்து கேட்கிறது.

வேகத்தையும் நாமே வகுக்கலாம். பள்ளி நேரத்தில் மெதுவாகவும், பள்ளி முடிந்தபின் முழு வேகத்திலும் இறக்கும்படி கால அட்டவணை தரும் வசதி அதே மென்பொருளில் உண்டு. "இணையம் முழுவதையும் அது விழுங்கிவிடும்" என்பவர்கள் இதனைப் பார்த்ததில்லை போலும்.

கொடுத்தலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரியா2 என்ற மற்றொரு கட்டளைவரி மென்பொருள், நாம் வேறு கட்டளை இடாதவரை, பெற்ற அளவுக்கு ஈடாகப் பிறர்க்கு வழங்கும்வரை நிற்பதில்லை. இறக்கி முடிந்தவுடன் மூடிவிடும் பழக்கம் நம்முடையது, அதனுடையதன்று.

இன்னொரு வசதியை நான் பெரிதும் மதிக்கிறேன். டிரான்ஸ்மிஷனில் அருகிலுள்ள கணினிகளைத் தேடும் அமைப்பு இயல்பாக அணைந்திருக்கும். சிறுகோட்டுடன் சிறிய 'ஒய்' இட்டால் இயங்கும். எல்லாக் கணினிகளிலும் அதனை இயக்கிவிட்டால், ஒரு கணினி வெளியிலிருந்து இறக்கியதை அதே கணினிக் கூடத்திலுள்ள மற்றவை உள்ளிணைப்பு வழியே அதனிடமிருந்து பெற்றுக்கொள்ளும்.

தடை கோரியவர்களை ஒன்று கேட்கிறேன். கூடத்தில் இருபது கணினிகள் இருந்தால், ஒரே கோப்பை அந்த மெலிந்த இணைப்பில் இருபது முறை இறக்குவதற்கான நேரத்தை எந்தப் பாட வேளையிலிருந்து எடுக்கப் போகிறீர்கள்?