தகரத்துக்குக் கீழே பழுக்கும் சரக்கு

வெயிலுக்கு பீர், மழைக்கு ரம், குளிருக்கு விஸ்கி என்று பருவத்துக்கொரு பாட்டிலைப் பிரித்து வைத்திருக்கிறார்கள் குடிப்பவர்கள். பீர் குளிர்ச்சி, மற்றதெல்லாம் சூடு என்பது தமிழர் போன இடமெல்லாம் கூடவே போன கணக்கு. மும்பையின் சீத்தா கேம்ப்புக்கும் அது வந்திருக்கிறது. அமெரிக்காவின் போர்பன் விஸ்கியைப் பற்றியும் இதே வழக்குதான். ஓக் மரத்தின் வாசமும் கருகிய சர்க்கரை இனிப்பும் கொண்ட அந்தச் சரக்கு குளிர்காலத்துக்குத்தான் லாயக்கு என்கிறது ஒரு கட்சி. ஐஸைக் கொட்டினால் கோடைக்கும் ஆகும் என்கிறது மறு கட்சி.

போர்பன் பெரும்பாலும் பிறக்கிற கென்டக்கியைப் போய்ப் பார்த்தால் முதல் கட்சியின் வாதம் நிற்காது. அங்கே லூயிவில் நகரத்தின் ஜூலைப் பகல் 31, 32 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரமும் உண்டு. மும்பைக்காரருக்குப் பழகிய புழுக்கம்தான். சட்டப்படி போர்பனுக்கு வேண்டிய தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். வடித்ததை உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் அடைக்க வேண்டும். அதற்கப்புறம் வேலை செய்வது வெயில். கோடையில் சாராயம் விரிந்து மரத்துக்குள் புகுகிறது. குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. மரத்தின் நிறமும் மணமும் இந்தப் போக்குவரத்தில்தான் அதில் ஏறுகின்றன.

அந்தப் பீப்பாய்கள் கிடக்கிற கிட்டங்கிகளில் பல, தகரம் போர்த்திய உயரமான கட்டடங்கள். மேல் தளத்தில் வெக்கை அதிகம், சரக்கும் சீக்கிரம் பழுக்கும். ஆண்டுக்கு ஆண்டு ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். பெங்களூரில் அம்ருத் ஆலை தயாரிக்கிற சிங்கிள் மால்ட் விஸ்கியில் இந்த இழப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கும் மேல். அதே வெக்கையால் அங்கே நாலைந்து ஆண்டுகளிலேயே சரக்கு முற்றிவிடுகிறது. வெயிலைக் கண்டு விஸ்கி பயப்படுவதில்லை.

குடிக்கிற பழக்கமும் அதற்கு ஒத்துத்தான் இருக்கிறது. 1875 முதல் லூயிவிலில் நடக்கிற கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் மே மாதத்தின் முதல் சனிக்கிழமை. அன்று கூட்டம் கேட்பது மின்ட் ஜூலெப்: போர்பன், சர்க்கரைப் பாகு, புதினா, கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸ். ஆக, கோடைக்கு ஆகுமா என்ற கேள்விக்கு ருசியின் பக்கமிருந்து பதில் கிடைத்துவிட்டது. ஆகும்.

உடம்பின் பக்கமிருந்து வருகிற பதில் வேறு. அதைச் சொல்லத் தகுந்த இடம் சீத்தா கேம்ப்.

1976 மே மாதம், நெருக்கடி நிலையின்போது, பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்திலிருந்த ஜனதா காலனியைக் காலி செய்து, சுமார் 70,000 பேரைக் கொண்டுவந்து இறக்கிய சதுப்பு நிலம் இது. அவர்களில் தமிழர் ஏராளம். வெளியேற்றத்தை எதிர்த்து நின்ற ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர். 2000இல் மகசேசே விருது பெற்றவர். அந்த மக்கள் சேற்றை மேடாக்கி, தகரமும் செங்கல்லும் சேர்த்து எழுப்பிய ஊரில் இன்றும் பல வீடுகளுக்குக் கூரை தகரம்தான். மே மாதத்தில் மும்பையின் பகல் 33, 34 டிகிரி என்று வானிலை அறிக்கை சொல்லும். அது நிழலில் அளந்தது. தகரத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத மாடி அறையில் படுத்திருப்பவரின் கணக்கு அதில் இல்லை. கென்டக்கியில் சில ஆலைகள் மேல் தளத்துப் பீப்பாய்களைச் சில கோடை கழிந்ததும் கீழே மாற்றிவைக்கின்றன. இங்கே அந்த மாடி அறைக்காரருக்கு மாறிக்கொள்ள இடமில்லை.

கடலோரப் புழுக்கத்தில் வியர்வை வழியுமே தவிரக் காயாது. காய்ந்தால்தான் உடம்பு ஆறும். இந்த நிலையில் மது உள்ளே போனால், சிறுநீரைக் கட்டுப்படுத்துகிற ஹார்மோன் அடங்கி, உடம்பின் நீர் கூடுதலாக வெளியேறும். பீர் குளிர்ச்சி என்ற நம்பிக்கையும் இங்கேதான் உடைகிறது: பாட்டில்தான் குளிர்ச்சி, உள்ளே இருப்பது அதே ஆல்கஹால். சீத்தா கேம்ப்புக்குப் பக்கத்துக் கடற்கழியின் அக்கரையில், நவி மும்பையின் கார்கரில், 2023 ஏப்ரல் 16 அன்று வெட்டவெளி விழாவொன்றில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களில் 14 பேர் இறந்துபோனார்கள். மதுவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை; வெறும் வெயிலே அவ்வளவு செய்யும் என்பதற்காகத்தான் இங்கே அதைச் சொல்வது. அனல் காலத்தில் மதுவைத் தவிர்க்கச் சொல்லித் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் எச்சரிக்கிறது.

சரி, குளிருக்காவது நல்லதா? அதுவும் மயக்கம்தான். மது தோலடி ரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடான ரத்தம் மேலே வருவதால் கதகதப்பாகத் தெரிகிறது, உள்ளிருக்கும் சூடோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது. தவிர, ஜனவரி இரவிலும் 16, 17 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத மும்பையில் குளிர்காலச் சரக்கு என்று ஒன்றைத் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

2025 பிப்ரவரியில் போர்பன் மீதான இறக்குமதி வரியை மத்திய அரசு 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தது. அப்படியும் கூலிக்காரரின் கைக்கு அது எட்டாது. அவர் வாங்குவது கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடித்த குவார்ட்டர். இன்னும் மலிவைத் தேடிப் போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை, நூற்றுக்கு மேற்பட்டோரை மெத்தனால் கொன்ற 2015 ஜூன் மாத மும்பை மால்வனிப் பகுதிச் சாவுகள் காட்டின.

போர்பனை ருசி பார்க்க விரும்புகிறவர் மே மாதத்திலும் தாராளமாகப் பார்க்கலாம். காற்றோட்டமான இடம், இறங்கிய வெயில், ஒவ்வொரு கிளாஸுக்கும் இடையில் ஒரு செம்பு தண்ணீர் இருந்தால் சரி. பகலெல்லாம் சென்ட்ரிங் தட்டிலோ மூட்டையின் கீழோ நின்றுவிட்டு வருகிறவர் முதலில் நீராகாரமோ உப்பிட்ட மோரோ குடித்து, சிறுநீர் தெளிவாக இறங்குகிற வரைக்கும் பாட்டிலைத் தொடாமல் இருக்க வேண்டும். அதன் பிறகும் தொடுவதானால், அன்றைய ராத்திரி அந்தத் தகர அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுக்கக் கூடாது.