கணினி இருக்கத் தனிக்கருவி எதற்கு?

"வீட்டில் கணினி இருக்க, இசை கேட்கத் தனிக்கருவி எதற்கு?" என்பது சிக்கனத்தின் குரல்போல ஒலிக்கிறது. உண்மையில் அது கேட்டல் என்னும் செயலையே குறைத்து மதிப்பிடும் குரல்.

ஒலித்தரத்தில் தனிக்கருவிக்கு மாயம் ஏதுமில்லை. நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட குறுவட்டுத் தரக் கோப்பை, நல்ல ஒலிமாற்றி இணைத்த கணினியும் பழுதின்றி ஒலிக்கும். வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. கணினியின் இயங்குதளம் பொதுவாக எல்லாச் செயலிகளின் ஒலியையும் கலந்தே அனுப்புகிறது; பாடலும் மின்னஞ்சல் மணியும் ஒரே வழியில் வருகின்றன. அமைப்புகளை மாற்றித் தடுக்கலாம். ஆனால் முடிக்காத கட்டுரை திரையில் காத்திருப்பதை எந்த அமைப்பு தடுக்கும்?

அந்தமானுக்கு இது அற்பச் சிக்கலன்று. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளும் கடலடி இழைவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. அதன்பின் இணையவழி இசை எளிதாயிற்று. ஆயினும் இணைப்பு அறுந்தால் அவ்விசையும் அறும். நினைவக அட்டையில் இருப்பதோ கைவசம் இருக்கும்.

2010 சனவரி 26 அன்று போவா சீனியர் மறைந்தார்; அக-போ மொழியின் கடைசிப் பேச்சாளர் அவர். மொழியியலாளர் அன்விதா அப்பி அவர் பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்திருக்கிறார். அக்குரலை இனிப் பதிவில் மட்டுமே கேட்கலாம். அதையும் பத்துச் சாளரங்களுக்கு நடுவே பதினொன்றாக ஓடவிட்டு, "மொழி ஆவணமாகிவிட்டது" என்று கருத்தரங்கில் நிறைவடைவது ஆய்வாகாது. ஆவணப்படுத்துதல் பாதி வேலை. மீதி, ஒருவர் அமர்ந்து முழுதாகக் கேட்பது. அதற்கு, வேறெதுவும் செய்யத் தெரியாத கருவியே தகும்.