கொப்பி யாருடையது?

களனிப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலோ, இலங்கையின் வேறெந்தப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ இறுதி வருட மாணவர் ஒருவரிடம் "உன்ர டேட்டா எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாக வரும் பதில் இதுதான்: பாதி சீஆர் கொப்பியில், பாதி லாப் கொம்பியூட்டரில், மிச்சம் சேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில். பட்டம் முடிந்ததும் கொப்பி அலுமாரிக்குள் போய்விடும். இரண்டு வருடம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கூட்டு ஆய்வாளர் ஒருவர் அதே அளவீட்டைக் கேட்டால் ஓர் எக்செல் கோப்பு அனுப்பப்படும். அதன் பெயர் 'ஃபைனல்'. அடுத்த கிழமை 'ஃபைனல் 2' போகும். பிறகு 'உண்மையான ஃபைனல்'.

கன்டீனில் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் எங்கள் நாட்டில் இந்தக் கொப்பிகளுக்குள் இருப்பது சனங்களின் கிணறும் சிறுநீரகமும்.

2011இல் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர் குழு ஒன்று, ரஜரட்டையின் சிறுநீரக நோய்க்கு ஆசனிக்கு காரணம் என்று அறிவித்தது. அப்போது விஞ்ஞான பீடாதிபதியாக இருந்த நளின் த சில்வா, இந்தத் துப்பு நாத தெய்வத்திடமிருந்து கிடைத்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். நாடு அதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தது. துப்பு எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்குப் பெரிய விசயமாகப் படவில்லை. கேகுலே பாம்பைக் கனவில் கண்டு பென்சீன் வளையத்தைப் பிடித்த கதையை உயர்தரத்தில் எல்லோரும்தானே கேட்டோம்? கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. எந்த மாதிரி, எந்தக் கிணறு, எந்தக் கருவி, கருவியை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்? வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். 2013இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கட்மியத்தைப் பற்றிப் பேசியது. 2014இல் கிளைபோசேட் கருதுகோள் வந்தது, 2015இல் கிளைபோசேட் தடை வந்தது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. பத்திரிகைகளில் நாங்கள் வாசித்ததெல்லாம் முடிவுகளும் மறுப்புகளும்தான். கொப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பேச்சு அங்கே இல்லை. அந்த வருடங்களில் மதவாச்சியிலும் பதவியாவிலும் வவுனியாவின் சில கிராமங்களிலும் சனம் எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று தெரியாமல் இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இன்னும் கிட்டத்தில் சுன்னாகம் இருக்கிறது. மின்நிலையப் பகுதியைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று சனங்கள் தெருவுக்கு வந்தார்கள். நீர்வழங்கல் சபையின் பரிசோதனை ஒன்றைச் சொன்னது, மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறொன்றைச் சொன்னது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில்தான் மின் நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. இரண்டு தரப்பும் முதல் நாளிலிருந்தே ஒரே மாதிரிகளைப் பங்கிட்டு, ஒரே குறிப்பேட்டில் அளவீடுகளைப் பதிந்திருந்தால் சண்டையே வந்திருக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. எந்த இடத்தில் கணக்கு பிரிகிறது என்றாவது நேரத்தோடு தெரிந்திருக்கும்.

அப்படிப் பகிரத்தான் இலத்திரனியல் ஆய்வுகூடக் குறிப்பேடு என்ற மென்பொருள் இருக்கிறது. கூகுள் டொக்ஸ்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு பரிசோதனைக்கு ஒரு பக்கம். அதிலேயே செய்முறை, கருவி கொடுத்த மூலக் கோப்பு, அளவுத்திருத்த வரைபு, போத்தலின் படம் எல்லாம் சேர்ந்து கிடக்கும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகப் பதிவாகும், பழைய பதிப்பும் அழியாது. பக்கத்தைப் பூட்டி, வெளியார் ஒருவரின் நேர முத்திரையும் குத்தலாம். யார் பார்க்கலாம் என்பதை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகத் தீர்மானிக்கலாம்: நான் மட்டும், என் குழு, பெயர் குறித்த இரண்டு பேர், அல்லது எல்லோரும். யாழ்ப்பாணத்துக் கூட்டாளிக்கு அனுப்புவது கோப்பின் பிரதி அல்ல, அந்தப் பக்கத்துக்கான அனுமதி. 'ஃபைனல் 2' பிறக்கவே இடமில்லை.

"டேட்டாவ குடுத்தா களவெடுத்திருவாங்க" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கிற பதில். பயம் பொய்யல்ல. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி எட்டு மாதம் குந்தியிருந்து எடுத்த அளவீடுகள் ஒரு பென் டிரைவில் ஏறிப் போய், அவளின் பெயரில்லாத கட்டுரையாகத் திரும்பி வந்தன. எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. எழுதினாலும் என்ன, அவளிடம் ஆதாரம் இல்லை. பென் டிரைவுக்கு யார் வேலை செய்தது என்று தெரியாது. குறிப்பேட்டில் அவளின் பெயரும் திகதியும் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்திருக்கும். வெளிநாட்டுப் பேராசிரியர் கேட்டார், இங்கே சேர் தலையாட்டினார் என்ற இடத்தில் மாணவர் என்ன செய்வது? பகிர்வதால் களவு வருகிறது என்பதை விட, சாட்சியில்லாமல் பகிர்வதால் களவு வருகிறது என்பதே எங்கள் அனுபவம். இந்த மென்பொருள் பேராசைக்கு மருந்தில்லை, அதுவும் தெரியும். ஆனால் "நான்தான் செய்தேன்" என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

அடுத்தது காசு. பெஞ்ச்லிங், லாப்ஆர்க்கைவ்ஸ் போன்றவை நிறுவனங்களின் சரக்கு, தரவு அவர்களின் சேர்வரில் இருக்கும். டொலரில் சந்தா கட்டுவது என்றால் என்னவென்று எங்களுக்கு 2022 காட்டிவிட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சந்தா நின்றால் கொப்பியும் மூடப்படும் ஏற்பாட்டுக்குள் ஏன் போக வேண்டும்? பாரிஸின் கியூரி நிறுவனத்தில் நிக்கோலா கார்ப்பி எழுதத் தொடங்கிய ஈலாப்எஃப்டிடபிள்யூ இலவசம், திறந்த மூலம். சொந்தச் சேர்வரில் நிறுவலாம். யுனிகோட் என்பதால் குறிப்பைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதவும் தடையில்லை. (களப்பணியில் சனம் சொன்னதைச் சனத்தின் மொழியிலேயே எழுதி வைப்பது எவ்வளவு பெரிய வசதி என்று சமூகவியல் நண்பர்களைக் கேளுங்கள்.)

சேர்வருக்கு எங்கே போவது? கொரோனாக் காலத்தில் சூம் வகுப்பு நடத்தக் கைகொடுத்த லேர்ன் வலையமைப்பு நினைவிருக்கும். பல்கலைக்கழகங்களை இணைப்பதே அதன் வேலை. ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கால் இன்னொன்றின் சேவைக்குள் நுழையும் ஏற்பாட்டையும் அது நடத்துகிறது. இந்த மென்பொருளும் அவ்வகை நுழைவை ஏற்கும். அப்படியானால் களனியில் இருக்கும் குறிப்பேட்டை வவுனியாப் பல்கலைக்கழக மாணவர் தன் சொந்தக் கணக்கால் திறப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. மனத்தடைதான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தங்கள் சொந்த ஆய்வுகூடங்களில் 2024 ஜூன் 30இலிருந்து இலத்திரனியல் குறிப்பேட்டைக் கட்டாயமாக்கிவிட்டன. எங்கள் ஆட்கள் அவர்களோடு கூட்டு ஆய்வு செய்யப் போகும்போது சீஆர் கொப்பியை ஸ்கேன் பண்ணிக்கொண்டா நிற்பது?

நோயாளிகளின் தரவு தனி விசயம். களனியின் மருத்துவ பீடம் ராகமையில் 2007இலிருந்து ஏறத்தாழ 3,000 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அப்படியான தரவை "எல்லோரும்" என்ற பொத்தானை அமத்தித் திறந்துவிட முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் குறிப்பேட்டுக்குள் வரவே கூடாது, குறியீட்டு எண் மட்டும் வரட்டும்.

காப்புப் பிரதியில் விளையாட வேண்டாம். 2023இல் இலங்கை அரச முகிலில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தபோது மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போனது போனதுதான். ஒரே பிரதியை ஒரே கட்டடத்தில் வைத்திருந்தால் என்னவாகும் என்பதை 1981இன் யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. களனியில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று, வலையில் இணையாத ஹார்ட் டிஸ்கில் ஒன்று.

பீடச் சபை தீர்மானம் போடும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு லாப், ஒரு பழைய டெஸ்க்டொப், லினக்ஸ் தெரிந்த ஒரு நண்பர் இருந்தால் தொடங்கலாம். இறுதி வருட ஆய்வுத் தலைப்பு எடுக்கப் போகிறவர்கள் மேற்பார்வையாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "மிஸ், என்ர மூல அளவீடுகள் எங்க இருக்கும்? நான் போன பிறகு அதை யார் யார் பார்க்கலாம்?"