ஹலாலான கவளத்தில் குற்ற உணர்வு எதற்கு?



கல்யாண வீடுகளில் இந்தக் காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஸஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து பிஸ்மி சொல்லிக் கை வைக்கிறார்கள். ஒரு ராத்தா மட்டும் ஓரத்துச் சோற்றைக் கிள்ளிக்கொண்டிருக்கிறார். வட்டிலப்பம் வந்ததும், "எனக்குக் கூடாது, கூடாது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு துண்டுகள் எடுக்கிறார். "நாளைக்கு முழுப் பட்டினி" என்று தனக்குத் தானே தண்டனையும் விதித்துக்கொள்கிறார். சாப்பிட்ட இன்பமும் அவருக்கு இல்லை. சாப்பிடாத நிம்மதியும் இல்லை.

அவர் உண்டது ஹராமானதா? இல்லை. பிறர் பொருளா? அதுவும் இல்லை. அப்படியிருக்க, ஒரு பாவம் செய்தவரைப் போல் அவர் ஏன் வருந்த வேண்டும்?

ஸூரா அல்அஃராஃபின் 31ஆம் வசனத்தில் உண்ணுமாறும் பருகுமாறும் ஏவுகின்ற அல்லாஹ், வீண்விரயத்தை மட்டுமே தடுக்கிறான். அதற்கு அடுத்த வசனத்திலேயே, தன் அடியார்களுக்காக அவன் வெளிப்படுத்திய நல்ல உணவுகளைத் தடைசெய்தவர் யார் என்றும் கேட்கிறான். எம்மில் பலர் முதல் வசனத்தைப் பாடமாக்கியிருக்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம். நபி (ஸல்) அவர்கள் மனைவியர் சிலரின் பேச்சினால் தேன் அருந்துவதில்லை என்று தமக்குத் தாமே முடிவு செய்துகொண்டபோது, அல்லாஹ் ஆகுமாக்கியதை ஏன் விலக்கிக்கொள்கிறீர் என்ற கருத்தில் ஸூரா அத்தஹ்ரீமின் ஆரம்ப வசனம் இறங்கியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

அபூதர்தா (ரழி) அவர்களின் வீட்டுக்கு ஸல்மான் அல்பாரிஸி (ரழி) அவர்கள் விருந்தாளியாகச் சென்ற சம்பவமும் அதே கிரந்தத்தில் இருக்கிறது. அபூதர்தா (ரழி) உணவை வைத்துவிட்டு, தாம் நோன்பு என்றார்கள். நீர் உண்ணாமல் நானும் உண்ணமாட்டேன் என்று ஸல்மான் (ரழி) மறுத்துவிட்டார்கள். இறைவனுக்கு உரிமை இருப்பது போல் உமது உடலுக்கும் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என எடுத்துரைத்தார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என்றார்கள். வணக்கத்துக்காகக் கூட உடலை வருத்தும் அளவுக்கு இடமில்லை என்றால், கண்ணாடிக்காக வருத்த இடமுண்டா?

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாக்க வேண்டும். "உடம்பு குறைய வேண்டும், திங்கள் வியாழன் நோன்பு பிடிக்கலாமா?" என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். நோன்பு அல்லாஹ்வுக்குரிய இபாதத். அவனுக்காகப் பிடிக்கும் நோன்பினால் உடலுக்கும் நலன் கிடைத்தால், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நேற்றுச் சாப்பிட்ட புரியாணிக்கு இன்று கொடுக்கும் தண்டனையாக நோன்பை ஆக்கிவிடாதீர்கள். நிய்யத்தைச் சீர்செய்து கொள்ளுங்கள்.

இந்தக் குற்ற உணர்வு எங்கிருந்து வந்தது? எமது மலையகத்தைப் பொறுத்தவரை அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, கூப்பன் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது, தோட்டத்து லயங்களில் பட்டினி புகுந்தது. தோட்டப்புறங்களில் மரண வீதமும் உயர்ந்தது. எமது கடைத்தெருக்களில் வாழ்ந்தவர்களும் அந்த நாட்களை மறக்கவில்லை. பின்னர் 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அரிசியும் மாவும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போயின.

பசியைக் கண்ட உம்மாமார், "ஒரு பருக்கையும் மிஞ்சக் கூடாது" என்று பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். அது நியாயமே. ஆனால் அதே பெண்பிள்ளைக்குப் பதினாறு வயதாகிப் பெண் பார்க்க வரும் பேச்சு எழுந்ததும், "இவ்வளவு சாப்பிட்டால் யார் கட்டுவார்?" என்கிறோம். நேற்றுவரை மிச்சம் வைத்ததற்கு ஏச்சு. இன்று தட்டைக் காலி செய்ததற்கும் ஏச்சு. அந்தப் பிள்ளை என்னதான் செய்வாள்?

இறம்பொடையின் காலைக் குளிரில், பாடசாலைக் கூட்டத்தில் தலைசுற்றி உட்காரும் மாணவியரைக் காணும்போது மனம் வலிக்கிறது. சிலரின் வீட்டில் உண்மையிலேயே ஒன்றும் இருப்பதில்லை. வேறு சிலரோ, ரொட்டியும் சம்பலும் இருந்தும், உடம்பு வைத்துவிடும் என்ற பயத்தில் வெறும் தேத்தண்ணியோடு வந்தவர்கள். இல்லாமையால் வரும் பசிக்கு ஸதகா மருந்து. இரண்டாவது பசிக்கு மருந்து எமது நாவில் இருக்கிறது.

பட்டினி போட்டால் உணவின் மீதுள்ள ஆசை அடங்கும் என்று நினைப்பது தவறு. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அன்சல் கீஸ் என்ற அறிஞர், விரும்பி முன்வந்த 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாத காலம் அரைவயிற்று உணவே கொடுத்து ஆராய்ந்தார். நாளடைவில் அவர்களுடைய பேச்சும் எண்ணமும் கனவும் உணவாகவே ஆயின. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மீண்டும் நிறைய உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்தும் பசி தீராமல் சிலர் தவித்தார்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவில் அடுப்படியில் ஒளிந்து உண்ணும் சகோதரி பலவீனமானவர் அல்லர். அவருடைய உடல் தன் உரிமையைக் கேட்கிறது.

அப்படியானால் அளவே வேண்டாமா? வேண்டும். முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்கள் போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்றும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இது தராசில் நிறுக்கும் கணக்கல்ல. நிதானமாக உண்டு, போதும் என்று வயிறு சொல்லும்போது கேட்டு நிறுத்தும் பழக்கம். மேலும், நபியவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிட்டார்கள். எவ்வளவு இலகுவான வழி!

இதை வீட்டில் நடைமுறைப்படுத்தச் சில யோசனைகள்:

முதலாவது, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியடியில் மிஞ்சியதைத் தனியே உண்ணும் வழக்கத்தை விடுங்கள், உம்மாமாரே! குடும்பத்தோடு அமர்ந்து உண்ணுங்கள். ஒன்றாக உண்பதில் பரக்கத் இருக்கிறது. வாப்பாமார் இதற்கு முன்கை எடுக்க வேண்டும்.

இரண்டாவது, வீண்விரயம் ஆகக்கூடாது என்பதற்காக நிறைந்த வயிற்றில் திணிக்காதீர்கள். முதலில் ஓர் அகப்பை போடுங்கள். வேண்டுமானால் மீண்டும் போடலாம். மிஞ்சியதை மூடி வைக்கலாம், அயல்வீட்டுக்கும் கொடுக்கலாம்.

மூன்றாவது, தேத்தண்ணி. தேயிலை விளையும் மண்ணில் இதைச் சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவது குறைகிறது. பெண்களின் இரத்தச்சோகைக்கு இதுவும் ஒரு காரணம். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து நன்கு சேரும். எமது பாதையோரக் கடைகளில் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் குவிந்து கிடக்கின்றன. அவற்றைத் தண்டனைச் சாப்பாடாக அல்ல, ருசியாகச் சமைத்துக் கொடுங்கள்.

நான்காவது, இனிப்பை ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்து உண்ணவும் பழக்காதீர்கள். பெருநாளில் வட்டிலப்பம் உண்டால் மகிழ்ச்சியோடு உண்ணுங்கள். 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவு சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களில் காட்டப்படுகிறது. அதைப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் சிவப்பு நிறம் ஓர் அறிவித்தல்தான். உங்கள் மீதான தீர்ப்பு அல்ல.

ஐந்தாவது, சீனி வருத்தமோ பிரஷரோ உள்ளவர்கள் கிளினிக்கில் சொல்லும் உணவு முறையைக் கட்டாயம் பேண வேண்டும். அது அமானிதமாகிய உடலைப் பேணுவது. ஒருநாள் தவறினால் மறுவேளையிலிருந்து சரியாகத் தொடருங்கள். பட்டினி கிடந்து ஈடுசெய்யப் போகாதீர்கள். மருந்து எடுப்பவருக்கு அது ஆபத்தாகவும் முடியும்.

இறுதியாக, பிள்ளையின் உடலைப் பற்றி விருந்தாளிகள் முன் பேசாதீர்கள். "மெலிந்துவிட்டாய்", "பருத்துவிட்டாய்" என்ற சொற்கள் பல வருடங்கள் ஒரு பெண்ணின் தட்டருகே உட்கார்ந்திருக்கும்.

பிஸ்மியோடு தொடங்கி, அல்ஹம்துலில்லாஹ்வோடு முடியும் உணவு ஒரு நிஃமத். இரண்டுக்கும் நடுவில் குற்ற உணர்வுக்கு என்ன வேலை? இன்றிரவு உங்கள் மகளைப் பக்கத்தில் அமர்த்தி, அவளோடு சேர்ந்து வயிறார உண்ணுங்கள். அல்லாஹ் எமது உணவிலும் உடலிலும் பரக்கத் செய்வானாக!