சுராங்கனியைக் கொண்டு வந்தவர்

சங்கீத ரஸிகர்களில் தலையை ஆட்டுகிறவர்கள் ஒரு வகை. காலை ஆட்டுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையாருக்குச் சபைகளையும் விழாக்களையும் கொடுத்து, மார்கழி மாதம் முழுவதையும் பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது. அவர்களுடைய வித்வான்கள் தும்மினாலும் அது இன்ன சுருதியிலே இருந்தது என்று விமர்சனம் எழுத ஆள் உண்டு. இரண்டாவது வகையாருடைய வித்வான்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம் என்றால், "அதெல்லாம் ஒரு சங்கீதமா, ஸார்?" என்று கேட்கிறார்கள். சங்கீதந்தான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஆகையால் இந்த வாரம் ஏ. ஈ. மனோகரன் என்னும் இலங்கைத் தமிழரைப் பற்றி எழுதப் போகிறேன். 'சிலோன் மனோகர்' என்று சொன்னால் நம்மவர்களில் வயதானவர்களுக்கு நினைவு வரும். இளம் பிள்ளைகளுக்கு அதுவும் போதாது. 'சுராங்கனி' என்ற பாட்டைச் சொல்ல வேண்டும்.

அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் இந்தச் சீமையிலே கிடையாது. ஓட்டப்பிடாரத்திலே கல்யாண ஊர்வலம் கிளம்பினால் பாண்டு வாத்தியக்காரர் அதை எடுக்காமல் தெரு முனையைத் தாண்டுவதில்லை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு நாள், "இது யார் பாடியது?" என்று கேட்டேன். ஒருவன் சினிமாப் பாட்டு என்றான். இன்னொருத்தி, தூத்துக்குடிப் பனிமய மாதா கோவில் திருவிழாவிலே பாடுகிற பாட்டு என்றாள். பாடினவர் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லை. சினிமாப் பாட்டு என்றவன் சொன்னதும் பாதி சரிதான். 1977-ல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்திலே இளையராஜாவின் சங்கீதத்தில் மலேசியா வாசுதேவன் அதைப் பாடியிருக்கிறார். ஆனால் அதற்கு முன்பே கடலுக்கு அக்கரையிலிருந்து அதை நம் காதில் போட்டவர் மனோகரன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொழும்பு ஓர் அந்நியப் பட்டணமாகத் தோன்றியதே இல்லை. இங்கே 1872-ல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தி, வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவிலேதான். அந்தக் கம்பெனியை நசுக்கிவிட்டார்கள். பிற்காலத்தில் 2011-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் மறுபடியும் பிரயாணிகள் கப்பல் ஓடிற்று. அந்த வருஷம் முடிவதற்குள் அதுவும் நின்றது. ஆனால் பாட்டு கப்பலுக்காகக் காத்திருக்கவில்லை. 1952-ல் நம்முடைய ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டுக்களை வீட்டுக்கு ஆகாத பிள்ளைகளைப் போல் ஒதுக்கி வைத்ததல்லவா? தேசமே இலங்கை வானொலியின் பக்கம் காதைத் திருப்பிற்று. தென்கோடி ஜில்லாக்காரர்களுக்கு அதன் தமிழ்ச் சேவை அண்டை வீட்டுக் குரல் போலக் கேட்கும். சினிமாப் பாட்டோடு கூடவே, 1960-களின் கடைசியிலிருந்து இலங்கைத் தமிழ் இளைஞர்கள் தாங்களாகவே கட்டிய புதுப் பாட்டுக்களும் அந்த வழியே வந்து இறங்கின. நாம் 'பாப்' என்கிறோம்; அவர்கள் 'பொப் இசை' என்று எழுதுகிறார்கள். 'துள்ளிசை' என்றும் ஒரு பெயர் வைத்தார்கள். வைத்தவர் யாராயினும் அவருக்கு ஒரு சபாஷ்! நித்தி கனகரத்தினம் என்பவர் பாடிய 'சின்ன மாமியே' இந்த வரிசையிலே முன்னே வந்தது. அந்தத் துள்ளிசைக்கு மேடை ராஜாவாக விளங்கியவர் மனோகரன். அவருக்குக் கிடைத்த பட்டம் 'பொப் இசைச் சக்கரவர்த்தி'. பட்டங்களில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனாலும் இந்தச் சக்கரவர்த்திக்குப் பிரஜைகள் உண்மையாகவே இருந்தார்கள்.

சுராங்கனி என்பது ஒரு பெண்ணின் பெயர். அவளுக்கு மீன் கொண்டு வந்திருக்கிறது என்பதுதான் பல்லவியின் முழு அர்த்தமும். சிங்களச் சொற்கள். நம் நாட்டில் 1940-களில் தமிழிசை இயக்கம் நடந்தபோது, கேட்கிறவர்களுக்கு அர்த்தம் புரிகிற பாஷையில் பாட வேண்டும் என்று எவ்வளவு பிரயாசைப்பட்டு வாதாடினோம்! அந்த வாதம் நியாயமானதுதான். ஆனால் பல்லவியில் ஒரு வார்த்தை புரியாத பாட்டை ஒரு தலைமுறை முழுவதும் வாய் ஓயாமல் பாடித் தீர்த்த அதிசயத்துக்கு என்ன சமாதானம் சொல்வது? சமாதானம் தாளத்திலே இருக்கிறது.

அந்தத் தாளத்துக்குப் 'பைலா' என்று பெயர். ஆடுவது என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துகீசியர் 1505-ல் இலங்கைக்கு வந்தார்கள். 1530-களில் நம் முத்துக்குளித்துறைக்கும் வந்து, பரதவரைத் தங்கள் மதத்திலே சேர்த்துக்கொண்டார்கள். 1658-ல் தூத்துக்குடி, யாழ்ப்பாணம் இரண்டும் ஒரே வருஷத்தில் டச்சுக்காரர் கைக்குப் போயின. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளுக்கும் சரித்திரம் ஒன்றுதான். போர்த்துகீசியர் சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் ஆப்பிரிக்கர்களை இலங்கைக்குக் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய தாளமும் போர்த்துகீசியருடைய மெட்டும் கலந்து பிறந்ததுதான் 'கபிரிஞ்ஞா' என்னும் ஆட்டப்பாட்டு. பைலாவுக்குத் தாய் அது. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களிலே அதை ஆடுவார்கள். வாலி பஸ்தியான்ஸ் என்ற போலீஸ்காரர் 1940-களில் அதைச் சிங்களப் பாட்டாகத் திருப்பி நாடெங்கும் பரப்பினார். ஆறு எண்ணிக்கையை மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். நம்முடைய திஸ்ர நடையின் ஒன்றுவிட்ட சகோதரி என்று தெரிந்துபோகும்.

ஆப்பிரிக்காவிலிருந்து கிழக்கே வந்த கப்பல்களைப் போல மேற்கே போன கப்பல்களும் உண்டு. அங்கே அமெரிக்காவில் அடிமைகளின் பேரப்பிள்ளைகள் கண்டுபிடித்த சங்கீதங்களில் 1960-களில் தோன்றியது 'ஃபங்க்'. அதன் மூல புருஷர் ஜேம்ஸ் பிரவுன். ராகம், மெட்டு எல்லாவற்றையும் ஒரு புறம் தள்ளிவிட்டு, ஆவர்த்தனத்தின் முதல் அடியை, அதாவது நம் சமத்தை, ஓங்கி அடி என்று தன் வாத்தியக்காரர்களுக்குச் சொன்னவர். தப்பாக வாசித்தால் அபராதம் போடுவார். (நம் வித்வான்கள் பக்கவாத்தியக்காரருக்கு இந்த வழக்கத்தை ஆரம்பிக்காமல் இருக்கவேண்டும்.) 1962-ஆம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி நியூயார்க்கில் அப்போலோ கொட்டகையில் நடந்த தம் கச்சேரியைத் தம் சொந்தப் பணத்திலே பதிவு செய்தார். ஜனங்களின் கூச்சலோடு சேர்ந்த இசைத்தட்டை யார் வாங்குவார்கள் என்று கம்பெனி முதலாளி நினைத்தார். அந்தத் தட்டு 66 வாரங்கள் விற்பனைப் பட்டியலிலே நின்றது. இந்தக் காலாட்டிச் சங்கீதத்தில் கூச்சலும் ஓர் அங்கம் என்பதை முதலாளியைவிடப் பாடகர் நன்றாக அறிந்திருந்தார்.

மனோகரனும் அதை அறிந்தவர். நம் கச்சேரி மேடையில் வித்வான் உட்கார்ந்து பாடுவார். சபை மௌனமாய்க் கேட்கும். மனோகரன் நின்றார், ஆடினார், நீண்ட முடியும் தாடியுமாக ஒலிபெருக்கியைக் கையிலே பிடித்துக்கொண்டு மேடையை அளந்தார். பைலா மரபின்படி அடியை அவர் பாட, பல்லவியை ஜனங்கள் பாடவேண்டும். ஆகவே கச்சேரியில் பாதி ஜனங்களுடையது. மீன் வந்த சமாசாரத்தைச் சிங்களத்திலே ஆரம்பித்துத் தமிழுக்குத் தாவுவார். ஹிந்தியிலும் மலையாளத்திலும் பாடுவார். குரல் அவ்வளவு நயமானது என்று சொல்லமாட்டேன். பாட்டுக்களின் தமிழும் சில இடங்களில் தள்ளாடும். ஆனால் தாளம் ஒரு நாளும் தள்ளாடியதில்லை.

அந்தப் பாஷைத் தாவலை வெறும் வேடிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. 1956-ல் 'சிங்களம் மட்டும்' என்று சட்டம் செய்த தேசம் அது. பாஷையின் பெயரால் வகுப்பறைகளும் உத்தியோகங்களும் பிரிந்து, 1983 ஜூலையிலே தெருவில் ரத்தம் ஓடிற்று. அப்படிப்பட்ட தேசத்திலே ஒரு தமிழர் சிங்களப் பல்லவியைப் பாட, இரண்டு ஜாதி ஜனங்களும் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். அதனால் கலகம் நின்றுவிடவில்லை. ஒரு பாட்டுக்கு அவ்வளவு பாரத்தைச் சுமக்கும் சக்தி கிடையாது. ஆனால் அந்த மூன்று நிமிஷம் அவர்களிடமிருந்து பிடுங்கப்படவும் இல்லை.

மனோகரன் நடிகராகவும் இருந்தார். செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய 'வாடைக்காற்று' 1978-ல் இலங்கையில் வந்தபோது அதிலே நடித்தார். பிறகு சென்னைக்கு வந்து குடியேறினார். நம் படமுதலாளிகள் அவரை எப்படி வரவேற்றார்கள் தெரியுமா? அவருடைய தாடியையும் உடற்கட்டையும் பார்த்து வில்லன் வேஷம் கொடுத்தார்கள்! தமிழ், மலையாளப் படங்களிலே கதாநாயகர்களிடம் உதை வாங்கினார். ஆயிரக்கணக்கான ஜனங்களைப் பாட வைத்த மனிதரைத் தேடிப் பிடித்து வாயை மூடிக்கொண்டு குத்துச்சண்டை போடச் சொன்னது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? பாட்டைப் பற்றி ஒருவருக்கும் ஆட்சேபமில்லை. அது தெருத் தெருவாக, பல பாஷைகளிலே, பல பேர் வாயிலே புகுந்து புறப்பட்டது. பாடினவருடைய பெயர்தான் வழியிலே எங்கேயோ இறங்கிக்கொண்டது. 2018-ஆம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி தமது 73-ஆவது வயதில் அவர் சென்னையிலே காலமானார்.

முருகன் பேரில் அவர் ஒரு துள்ளிசைப் பாட்டுப் பாடியிருக்கிறார். அதைக் கேட்டு, "சாமி பாட்டை இப்படியும் பாடலாமா?" என்று முகம் சுளிக்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்குப் போகிறவர்கள். அந்தக் கழுகுமலை முருகன் பேரில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. தோளிலே காவடியை வைத்துக்கொண்டு ஆடுவதற்கென்றே கட்டிய மெட்டுக்கள் அவை. பெரும்பாலும் திஸ்ர நடை. இந்தப் பெரியவர்கள் அதற்கு ஆடுவதையும் நான் பார்த்திருக்கிறேன், நன்றாகவே ஆடுகிறார்கள்.